உப்புக்காற்றில் அறுந்த ரோலர் டோர் ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாற்றுவது

கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு விடியற்காலை, திருகோணமலை டைக் வீதியில் சித்தப்பா வீட்டுக் கராஜுக்குள் சீனவெடி வெடித்ததுபோல ஒரு சத்தம். உள்ளே ஓட்டோவைத் தவிர ஒன்றுமில்லை. டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் எதுவும் விழவில்லை, எதுவும் உடைந்ததாகத் தெரியவில்லை. ஆறரை மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போகவேண்டும் என்று சித்தப்பா கதவைத் தூக்கினார். வழக்கமாக ஒரு கையால் ஏறுகிற ரோலர் டோர், இடது பக்கம் ஒரு சாண் ஏறி, வலது பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. விடியற்காலையில் கேட்டது ஸ்பிரிங் அறுந்த சத்தம்.

அந்த ஸ்பிரிங்கை நாங்களே மாற்றினோம். அதற்குப் பிறகு உவர்மலையில் இரண்டு வீட்டிலும் உப்புவெளியில் ஒரு வீட்டிலும் கூட நின்று செய்திருக்கிறேன். இடங்களின் பெயரிலேயே உவரும் உப்பும் இருக்கிற ஊர் எங்களுடையது, ஒரு பக்கம் டச்சுக்குடா, மறுபக்கம் உட்துறைமுகம், எந்தப் பக்கம் காற்றடித்தாலும் அதில் உப்பு இருக்கும். இங்கே ஸ்பிரிங் அறுவது எல்லா வீட்டுக்கும் என்றோ ஒரு நாள் வரப்போகிற வேலைதான், அதனால் ஆளைக் கூப்பிட்டாலும் சரி, நீங்களே செய்தாலும் சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பது கைவிரலைக் காப்பாற்றும்.

முதலில் அந்த ஸ்பிரிங் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். கதவைத் தூக்குவது உங்கள் கையும் இல்லை, மோட்டரும் இல்லை, ஸ்பிரிங்தான். கதவு கீழே இறங்க இறங்க அதன் பாரத்தை ஸ்பிரிங் முறுக்காக வாங்கி வைத்துக்கொள்கிறது, திறக்கும்போது அதைத் திருப்பிக் கொடுக்கிறது. ஆகவே கதவு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கில் முறுக்கு உச்சத்தில் இருக்கும், முழுக்கத் திறந்திருக்கும்போது மிகக் குறைவாக இருக்கும். இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் பாதி ஆபத்து குறைந்துவிடும். மூடிய கதவின் ஸ்பிரிங்கைக் கழற்றப்போய் பைப் ரென்ச் சுழன்று அடித்து மணிக்கட்டை முறித்துக்கொள்வது இந்த வேலையில் மிகச் சுலபமாக நடக்கக்கூடிய ஒன்று.

ஸ்பிரிங்கின் ஆயுளை வருடக் கணக்கில் சொல்வதில்லை, எத்தனை தடவை ஏறி இறங்கும் என்றுதான் சொல்வார்கள். சாதாரண கராஜ் கதவு ஸ்பிரிங் 10,000 தடவை என்ற கணக்கில் செய்யப்படுகிறது. ஒரு நாளைக்கு 4 தடவை திறந்து மூடினால் 2,500 நாள், அதாவது ஏறத்தாழ 7 வருடம். சித்தப்பாவின் கதவு நாலாவது வருடத்திலேயே போய்விட்டது. அறுந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது காரணம் அப்படியே தெரிந்தது: கம்பியின் ஓரத்தில் நகக்கண் அளவு பிறை வடிவத்தில் பழைய காப்பிக் கறை போன்ற துரு, மீதி வட்டம் முழுவதும் புதிதாக உடைத்த கருங்கல்லைப்போல மினுங்கும் சாம்பல் நிறம். பிறையாகத் தெரிந்த இடத்தில் துரு குழி தோண்டி, அதில் வெடிப்பு விழுந்து, பல மாதமாக உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. மினுங்கிய இடம்தான் அந்தக் கார்த்திகை விடியற்காலையில் ஒரே அடியில் முறிந்தது.

உடனடியாகச் செய்யவேண்டியது வாகனத்தை வெளியே எடுப்பது. மோட்டர் இருந்தால் அதை அழுத்தவே அழுத்தாதீர்கள், பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஸ்பிரிங் சரியாக இருக்கும் கதவைத்தான் அந்த மோட்டர் இழுக்கும், முழுப் பாரத்தையும் அதன் தலையில் வைத்தால் உள்ளே இருக்கும் பல்சில்லு தேய்ந்து இன்னொரு செலவு வரும். மோட்டர் பூட்டைக் கையால் விடுவித்துவிட்டு, கீழ்ப்பட்டியின் இரண்டு நுனியிலும் ஒவ்வொருவர், நடுவில் ஒருவர் என்று மூன்று பேர் சேர்ந்து ஒரே அளவில் தூக்குங்கள். ஏறிய உயரத்துக்கு ஏற்ற நல்ல மரக்கட்டை இரண்டை இரு பக்கமும் முண்டு கொடுத்த பிறகுதான் கையை விடவேண்டும். கதவின் அடியால் ஒருவர் குனிந்து போவதற்கு முன் முண்டு நிற்கிறதா என்று இன்னொருவர் பார்த்துச் சொல்லவேண்டும். பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. மூன்று பேர் தூக்கியும் கதவு கோணிக்கொண்டு சிக்கினால் விட்டுவிடுங்கள், பலவந்தம் பண்ணினால் தகடு, அது ஏறி இறங்கும் பக்கச் சனலை (இரும்புக் காடியை) விட்டு வெளியே வந்து மடங்கிப்போகும், அதை நிமிர்த்தவே முடியாது.

இனி உங்கள் கதவு எந்த வகை என்று பாருங்கள். திருகோணமலையில் பெரும்பாலான வீடுகளில் இருப்பது மேலே உருளையாகச் சுருண்டு ஏறும் ரோலர் டோர், அதன் ஸ்பிரிங் சுருளுக்கு உள்ளே நடுப் பைப்பைச் சுற்றி இருக்கும், வெளியே தெரியாது. நிலாவெளிப் பக்கம் புதிதாகக் கட்டிய சில வீடுகளில் பலகை பலகையாக மடிந்து கூரைக்கு அடியால் போகும் கதவு இருக்கிறது. அதில் வாசலுக்கு மேலே குறுக்கே ஒரு தண்டும் அதைச் சுற்றி முறுக்கு ஸ்பிரிங்கும் இருக்கலாம், இல்லையென்றால் இரண்டு பக்கமும் கூரைத் தண்டவாளத்தோடு நீட்டுக்கு இழுபடும் ஸ்பிரிங் இருக்கலாம். இந்த மூன்றுக்கும் வேலை ஒன்றல்ல. இழு ஸ்பிரிங் வீட்டில் தாராளமாகச் செய்யலாம். ரோலர் டோர் பொறுமையான மூன்று பேர் இருந்தால் செய்யலாம். தண்டில் இருக்கும் முறுக்கு ஸ்பிரிங்கைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ரோலர் டோருக்கு வேண்டிய சாமான்: நீளமான கைப்பிடியுள்ள பைப் ரென்ச் இரண்டு (ஒன்று போதாது, ஏன் என்று கீழே வரும்), யூ போல்ட் (U வடிவில் வளைந்த போல்ட்) நட்டுக்குப் பொருந்தும் ஸ்பனர், இரண்டு உறுதியான ஏணி, சுருளைக் கட்ட நைலோன் கயிறு, பெயின்ட் அல்லது சோக், கண்ணுக்குக் கண்ணாடி. கை நீளச் சட்டை தொளதொள என்று இருக்கக்கூடாது. துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் இரவே டபிள்யூ.டி. 40 (துரு இளக்கும் ஸ்பிரே) அடித்து ஊறவிடுங்கள், இங்கே எந்த நட்டும் அடித்த உடனே கழன்றதாக எனக்கு நினைவில்லை.

கதவை மூன்று பேர் சேர்ந்து முழுக்க மேலே ஏற்றி, சுருளை இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். இந்தக் கட்டு அவிழ்ந்தால் சுருள் சுழலும், அதனால் முடிச்சைப் போட்டவர் போக இன்னொருவர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்கட்டும். நடுப் பைப் இரண்டு பக்கமும் சுவர் பிராக்கெட்டில் யூ போல்ட்டால் கவ்வப்பட்டிருக்கும். பைப்பின் நுனியிலும் பிராக்கெட்டிலும் நேர்கோடாக ஒரு பெயின்ட் அடையாளம் போடுங்கள், எத்தனை சுற்று அவிழ்க்கிறீர்கள் என்று எண்ண இதுதான் உதவும்.

அடுத்தது அவசரப்படாமல் செய்யவேண்டிய இடம். சுருளுக்குள் இருக்கும் இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்றுதான் அறுந்திருக்கும், மற்றதில் கதவு திறந்திருந்தாலும் கொஞ்சம் முறுக்கு மிச்சம் இருக்கும். அதனால் முதலில் ஒரு பக்க யூ போல்ட்டை மட்டும் தளர்த்துங்கள், மறுபக்கம் கவ்விக்கொண்டிருக்கும். பிறகு முதல் ரென்ச்சை பைப்பில் போட்டு, கதவு மேலே சுருளும் திசைக்கு மெல்ல அழுத்தி, பாரத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பாரம் கைக்கு வந்துவிட்டது என்று நீங்கள் சொன்ன பிறகுதான் மற்றவர் அடுத்த யூ போல்ட்டைத் தளர்த்தவேண்டும். விட்டால் பைப் கதவு இறங்கும் திசையில் சுழலப் பார்க்கும், ஆகவே ரென்ச் கைப்பிடி சுழலக்கூடிய வட்டத்துக்குள் உங்கள் முகமோ, ஏணியில் நிற்பவரின் காலோ இருக்கக்கூடாது. கால் சுற்று இறக்கியதும் இரண்டாவது ரென்ச்சால் பிடித்து, முதல் ரென்ச்சை எடுத்து மறுபடி மேலே போட்டு, இன்னொரு கால் சுற்று. ஒற்றை ரென்ச்சோடு செய்பவர்கள் பிடியை மாற்றும் அந்த ஒரு நொடியில்தான் அடி வாங்குகிறார்கள். முறுக்கு முழுவதும் போய் பைப் கையில் லேசாக ஆடும்போது நிறுத்தி, எத்தனை கால் சுற்று என்று சுவரிலேயே எழுதுங்கள்.

முறுக்கு இறங்கிவிட்டால் மீதி வெறும் பாரமான வேலை. கீழ்ப்பட்டி சனலை விட்டு மேலே போகாமல் நிறுத்தும் தடுப்பைக் கழற்றி, பட்டியைச் சனலில் இருந்து வெளியே எடுத்து, இரண்டு ஏணியில் இரண்டு பேரும் கீழே ஒருவரும் நின்று சுருளைப் பிராக்கெட்டில் இருந்து இறக்கிப் பாயில் வையுங்கள். ஸ்பிரிங்கின் ஒரு முனை பைப்பிலும் மறு முனை கதவுத் தகடு பூட்டியிருக்கும் சில்லிலும் மாட்டியிருக்கும். கொக்கியாக இருக்குமா, போல்ட்டாக இருக்குமா என்பது கதவுக்குக் கதவு மாறும், கழற்றும் முன் நாலு பக்கமும் போனில் படம் எடுத்து வையுங்கள். மாட்டியதைக் கழற்றிப் பைப்பை ஒரு பக்கமாக உருவினால் ஸ்பிரிங் வெளியே வந்துவிடும்.

இந்த இடத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார், இதை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய் ஒட்டிவிடலாமே என்று. எங்களுக்கும் பக்கத்து வீட்டு அண்ணா சொன்னார், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள். ஸ்பிரிங் கம்பி கரிமம் கூடிய உருக்கு, அதன் வில் தன்மை முழுவதும் அதற்குக் கொடுத்த பதத்தில் இருக்கிறது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும், ஒட்டு நின்றாலும் அதற்குப் பக்கத்தில் கண்ணாடிபோல முறியும், அதுவும் நீங்கள் முறுக்கிக்கொண்டிருக்கும்போதே முறியலாம். அறுந்த துண்டை மடக்கிக் கொக்கி போட்டுப் பூட்டுவதும் சரிவராது, சுருள் எண்ணிக்கை குறைந்தால் ஸ்பிரிங் விறைத்துவிடும், கதவு ஒரு மாதிரி ஏறும், கொஞ்ச நாளில் மறுபடி அறும்.

புதியது வாங்க நாலு அளவு வேண்டும்: கம்பித் தடிப்பு, ஸ்பிரிங்கின் உள்விட்டம், மொத்த நீளம், சுற்றிய பக்கம். கம்பித் தடிப்பை ஒரு கம்பியில் அளந்தால் துரு ஏமாற்றிவிடும். இடைவெளி இல்லாமல் நெருங்கியிருக்கும் 10 சுற்றைச் சேர்த்து அளந்து பத்தால் பிரியுங்கள், 63.5 மில்லிமீட்டர் வந்தால் கம்பி 6.35 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம். 20 சுற்றையும் ஒரு தடவை அளந்து சரிபாருங்கள். கால் மில்லிமீட்டர் வித்தியாசம்தானே என்று விடாதீர்கள், ஸ்பிரிங்கின் பலம் கம்பித் தடிப்பின் நாலாம் அடுக்கோடு ஏறுவது, கொஞ்சம் தடித்தாலும் கதவு கையில் நிற்காது. நீளத்துக்கு இரண்டு துண்டையும் சேர்த்து அளவெடுங்கள். பக்கத்தைப் பார்க்க ஸ்பிரிங்கை நிமிர்த்திப் பிடியுங்கள்: முன்னால் தெரியும் கம்பி வலது பக்கமாக மேலே ஏறினால் அது வலச்சுற்று, இடது பக்கமாக ஏறினால் இடச்சுற்று. ஒரே கதவில் இரண்டு விதமும் இருக்கலாம்.

வடகரை வீதிப் பக்கம் ஹார்ட்வெயார் கடைகளில் முதலில் கேளுங்கள், இல்லாவிட்டால் ரோலர் டோர் பூட்டுகிறவர்களிடம். அவர்களிடமும் அந்த அளவு இல்லை என்றால் கொழும்பு பழைய சோனகத் தெருக் கடைகளில் சொல்லி பஸ் பார்சலில் எடுக்கவேண்டியதுதான், எங்களுக்கு அப்படித்தான் வந்தது. பழைய துண்டைக் கையோடு கொண்டுபோவது ஆயிரம் வார்த்தை சொல்வதைவிட நல்லது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மற்றது அதே வருடம் பூட்டியது, அதே உப்பைத் தின்றது, அதற்கும் நாள் எண்ணப்படுகிறது. செலவு கூடத்தான், ஆனால் இந்த ஏணி ஏறும் வேலையை இரண்டு மாதத்தில் மறுபடி செய்ய யாருக்கும் விருப்பம் வராது.

பூட்டும் முன் பைப்பை அரத்தாளால் தேய்த்துத் துடைத்து, புதிய ஸ்பிரிங்குகளுக்கு மெல்லிய ஒயில் பூசி, படத்தைப் பார்த்துப் பழைய மாதிரியே மாட்டுங்கள். சுருளை மேலே ஏற்றி யூ போல்ட்டை இறுக்குங்கள். முறுக்கு ஏற்றுவதற்கு முன்பே கயிற்றைச் சற்றுத் தளர்த்திக் கீழ்ப்பட்டியைச் சனலுக்குள் விட்டு, தடுப்பைப் பூட்டி, திரும்பக் கட்டிவிடுவது எங்கள் பழக்கம். தடுப்பு இல்லாமல் கயிற்றை அறுத்தால் முறுக்கிய ஸ்பிரிங் முழுத் தகட்டையும் சனலில் இருந்து பிடுங்கி மேலே சுருட்டிவிடும். பிறகு ஒரு பக்கக் கவ்வைத் தளர்த்தி, ரென்ச்சால் பைப்பைப் பிடித்துக்கொண்டு மற்றக் கவ்வையும் தளர்த்தி, கதவு மேலே சுருளும் திசைக்குக் கால் கால் சுற்றாக, இரண்டு ரென்ச்சையும் மாற்றி மாற்றிப் போட்டு, சுவரில் எழுதிய எண்ணிக்கைக்கு ஏற்றுங்கள். எண்ணிக்கை தெரியாவிட்டால் ஒரு சுற்றோடு தொடங்குங்கள், குறைவாக இருந்தால் கூட்டலாம். இரண்டு யூ போல்ட்டையும் இறுக்கிய பிறகே ரென்ச்சை எடுக்கவேண்டும்.

கயிற்றை எடுக்கும்போது இருவர் கீழ்ப்பட்டியைப் பிடித்திருக்கட்டும். மெல்ல இறக்கி, இடுப்பளவில் நிறுத்திக் கையை எடுத்துப் பாருங்கள். நின்றால் சரி. தானாகக் கீழே போனால் முறுக்குப் போதாது, மேலே பாய்ந்தால் கூடிவிட்டது. கால் சுற்றுக் கூட்டியோ குறைத்தோ திருத்தவேண்டும், ஒவ்வொரு தடவையும் கதவை முழுக்கத் திறந்து கட்டிய பிறகுதான் கவ்வைத் தொடலாம். நாலாவது தடவை எரிச்சலில் கட்டாமல் தொடத்தான் மனம் வரும். சித்தப்பா வீட்டில் ஐந்து தடவை கட்டி அவிழ்த்தோம், சித்தி இரண்டு தரம் பிளேன்டீ ஊற்றிவிட்டார்.

இழு ஸ்பிரிங் உள்ள கதவு இதைவிடச் சுலபம். கதவை முழுக்கத் திறந்து, தானாக இறங்காதபடி தண்டவாளத்தில் சில்லுக்கு அடியில் நல்ல கிளாம்ப் போட்டால் ஸ்பிரிங் தளர்ந்து தொங்கும், கொக்கியைக் கழற்றிப் புதியதை மாட்டலாம், இரண்டு பக்கமும். முக்கியமானது ஸ்பிரிங்கின் நடுவால் ஓடி இரண்டு முனையிலும் கட்டியிருக்கும் பாதுகாப்புக் கம்பிவடம். அது இல்லாத வீடுகளில் அறுந்த ஸ்பிரிங் கார்க் கண்ணாடியையோ ஆளையோ தேடிப் பாயும். இல்லை என்றால் இந்தத் தடவையே போட்டுவிடுங்கள்.

தண்டில் முறுக்கிய ஸ்பிரிங்கில் விஷயம் தலைகீழ். அதைக் கதவு மூடியிருக்கும்போதுதான் கழற்றவேண்டும், அதாவது அறாமல் இருக்கும் மற்ற ஸ்பிரிங் முழு முறுக்கோடு உங்கள் முகத்துக்கு முன்னால் இருக்கும். 7 அடிக் கதவில் அது ஏழரைச் சுற்று, 30 கால் சுற்று. அவிழ்க்க, ஸ்பிரிங் நுனிக் கூம்பின் துளைக்குச் சரியாகப் பொருந்தும் 18 அங்குல உருக்குக் கம்பிகள் இரண்டு வேண்டும், பெரும்பாலும் அரை அங்குலத் தடிப்பு. ஸ்குரூ டிரைவரோ, கட்டடக் கம்பித் துண்டோ போட்டால் துளையில் இருந்து வழுக்கி வெளியே வரும், அப்படி வரும் கம்பி தாடையை உடைக்கும். சரியான கம்பி கையில் இல்லாவிட்டாலும், ஒரு தடவையாவது தெரிந்தவரோடு நின்று பார்த்திருக்காவிட்டாலும் இதை நீங்கள் தொடக்கூடாது என்றுதான் நேராகச் சொல்வேன், அளவுகளை எடுத்து ஸ்பிரிங்கை வாங்கி வையுங்கள், பூட்ட ஆளைக் கூப்பிடுங்கள்.

பராமரிப்பு சின்ன வேலை, ஆனால் இந்த ஊரில் அதுதான் வருடங்களைக் கூட்டுகிறது. வாடைக்காற்று தொடங்கமுன் ஐப்பசியில் ஒரு தடவை, மழை ஓய்ந்து மாசியில் ஒரு தடவை. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் எட்டுகிற இடமெல்லாம் உப்பைத் துடைத்து, காயவிட்டு, ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு இடையில் போகும்படி மெல்லிய ஒயில் விடுங்கள். டபிள்யூ.டி. 40 துருவை இளக்க நல்லது, ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும், அதற்குப் பிறகு ஒயில் வேண்டும். தடித்த கிறீஸ் பூசாதீர்கள், கடற்கரை மணல் அதில் ஒட்டி அரம்போல அராவும். பக்கச் சனலுக்கு ஒயிலும் வேண்டாம், துடைத்துவிட்டு மெழுகுதிரியால் ஒரு தேய்ப்புப் போதும். அதோடு கதவை இடுப்பளவில் நிறுத்தும் சோதனையையும் செய்யுங்கள், மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தால் ஸ்பிரிங் சோர்கிறது.

வேலை முடிந்ததும் கம்பித் தடிப்பு, விட்டம், நீளம், சுற்றிய பக்கம், எத்தனை சுற்று முறுக்கியது, மாற்றிய திகதி எல்லாவற்றையும் கராஜ் சுவரின் உள்பக்கம் பெயின்டால் எழுதிவிடுங்கள். சித்தப்பா மீற்றர் பெட்டிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறார், அதற்குக் கீழே அடுத்த திகதிக்கும் இடம் விட்டிருக்கிறார்.